முதலில் கடம்பராயர்

வாருங்கள், வட்டமாக உட்காருங்கள். பெரியவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் இருந்தால் போதும். ஆறுகள் தங்கள் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நெடுந்துறை என்ற ஊரில், கடம்பராயர் என்றொரு மனிதர் இருந்தார்.

கடம்பராயர் கெட்டவர் இல்லை. திருடமாட்டார், பொய் சொல்லமாட்டார், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். அவரிடம் குறை ஒன்றே ஒன்றுதான். எங்கே போனாலும் அவர்தான் முதலில் நிற்க வேண்டும்.

அதற்குக் காரணமும் வைத்திருந்தார். அந்த நாட்டை ஆண்ட அரசி செங்கமலவல்லியின் கொள்ளுப்பாட்டனார் ஒருமுறை வேட்டைக்குப் போய், வழி தப்பி, நா வறண்டு, நெடுந்துறையில் வந்து விழுந்தாராம். அப்போது கடம்பராயருடைய கொள்ளுப்பாட்டனார் ஒரு செம்பு மோர் கொடுத்தாராம். மோர் குடித்து அரசர் பிழைத்தார். அரசர் பிழைத்ததால் வம்சம் பிழைத்தது. வம்சம் பிழைத்ததால் நாடு பிழைத்தது. ஆகவே இந்த நாட்டில் மூச்சு விடுகிற ஒவ்வொருவரும் கடம்பராயருக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். இதுதான் அவர் கணக்கு.

மோர் கொடுத்தவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த மோரைக் கடைந்த மத்துகூட உளுத்துப் போயிருந்தது. ஆனால் கடம்பராயர் வாயில் மட்டும் அந்த மோர் புளிக்கவே இல்லை.

ஆலமரத்தடியில் நாவிதர் யாருக்காவது முகம் மழித்துக்கொண்டிருப்பார். கடம்பராயர் வந்து நின்று, "மோர் கொடுத்த வீடு, முதலில் வழி விடு" என்பார். மழித்த கன்னம் ஒன்று, மழிக்காத கன்னம் ஒன்றோடு அந்த மனிதர் எழுந்து நிற்க வேண்டியதுதான்.

கோயிலில் பொங்கல் கொடுப்பார்கள். பசித்த பிள்ளைகள் இலையை ஏந்திக்கொண்டு நிற்கும். "மோர் கொடுத்த வீடு, முதலில் வழி விடு" என்று குரல் கேட்கும். முந்திரிப்பருப்பு உள்ள மேல் பொங்கல் அவர் இலைக்குப் போய்விடும்.

சாவு வீட்டிலும் அப்படித்தான். செத்தவருக்கு வாய்க்கரிசி போடக்கூட, செத்தவருடைய மகனுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது எதிர்த்துப் பேசினால் போதும், குரல் உயர்ந்துவிடும். "நான் யார் தெரியுமா?" என்று தொடங்குவார். கொள்ளுப்பாட்டனாரில் ஆரம்பித்து, வேட்டை, வெயில், செம்பு, மோர் என்று முழுக் கதையையும் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். இதைக் கேட்பதற்கு வழிவிடுவதே மேல் என்று ஊர் வழிவிட்டது. ஊர் வழிவிட்டதை அவர் மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை. அக்கரையில் சந்தை கூடும் நாள். ஓடத்துறைப் படியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் எண்ணெய் விற்கிற பேச்சி. தலையில் பானை, பானை நிறைய நல்லெண்ணெய்.

"ஒதுங்கு" என்றார் கடம்பராயர்.

"ஐயா, விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறேன். தலையில பாரம் இருக்கு. எனக்கு அடுத்தாப்ல நீங்க ஏறிக்கங்களேன்" என்றாள் பேச்சி.

"அடுத்தாப்லயா? நானா?" என்று கடம்பராயர் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னேறினார். பானை சரிந்தது. படியில் விழுந்து உடைந்தது. எண்ணெய் வழிந்து ஆற்றுக்குப் போயிற்று. போகிற வழியில் கடம்பராயருடைய புதுச் செருப்பையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

பேச்சி உடைந்த பானையைப் பார்த்தபடி நின்றாள். கடம்பராயர் தம் செருப்பைப் பார்த்தார்.

"கண்ணு தெரியலையா உனக்கு? செருப்பு பாழாப் போச்சே. இது யார் செருப்பு தெரியுமா?"

ஓடக்காரன் சாத்தையன் அதிகம் பேசாதவன். அவன் துடுப்பைக் கீழே வைத்தான். "ஐயா, தப்பு உங்க மேல. நீங்க ஏற வேணாம். அந்தம்மாவுக்கு ஒரு வழி சொல்லாம ஓடம் நகராது."

"ஓடம் ஓட்டுறவன் ஓடத்தை ஓட்டு. நியாயம் சொல்ல அரண்மனையில ஆள் இருக்கு."

"அப்ப அரண்மனைக்கே போவோம்" என்றாள் பேச்சி.

கடம்பராயருக்கு ஒரே மகிழ்ச்சி. அரசியைப் பார்த்து மோர்க் கதையைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஊரே கிளம்பிப் போயிற்று. போகிற வழியிலும் அவர்தான் முதலில் நடந்தார்.

அரசி செங்கமலவல்லிக்கு யாரையும் தண்டிப்பதில் பெரிய விருப்பம் கிடையாது. தண்டித்தால் தவறு செய்தவன் தண்டனையைத்தான் நினைப்பான், தவறை மறந்துவிடுவான் என்பாள். அவள் பேச்சியைப் பேசச் சொன்னாள். பேச்சி வாய் திறந்ததும் கடம்பராயர் குறுக்கிட்டார். இரண்டாம் முறை திறந்தாள், மறுபடியும் குறுக்கிட்டார். மூன்றாம் முறை அவள் வாய் திறக்கும் முன்பே குறுக்கிட்டார். கடைசியில் அரசி பேச்சியைக் கையமர்த்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கடம்பராயரே, உமக்கு என்னதான் வேண்டும்?"

"தாயே, பொன் வேண்டாம், பொருள் வேண்டாம். முதல் இடம் வேண்டும். என் கொள்ளுப்பாட்டனார் கொடுத்த மோருக்கு..."

"கேள்விப்பட்டிருக்கிறேன். முதல் இடம் எங்கே வேண்டும்?"

"எங்கும் வேண்டும்."

"எதில்?"

"எதிலும்."

"எப்போது?"

"எப்போதும், தாயே."

"பிறகு வேண்டாம் என்று வந்து நிற்கமாட்டீரே?"

"எங்கள் வீட்டில் சொன்ன சொல் மாறமாட்டோம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அரசி முரசறைபவனை அழைத்தாள். அன்று மாலையே தெருத் தெருவாகக் கட்டளை போயிற்று. "இன்று முதல் நெடுந்துறையில் எந்தக் காரியம் ஆனாலும் முதலில் கடம்பராயர்! அவருக்கு முன்னால் யாரும் கை வைக்கக்கூடாது, கால் வைக்கக்கூடாது, வாய் வைக்கக்கூடாது!"

கட்டளை பிசகாமல் பார்த்துக்கொள்ள, ஈட்டியோடு வெள்ளையன் என்ற காவலனையும் அரசி அவருடன் அனுப்பினாள். வெள்ளையன் சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான், இரண்டுக்கும் நடுவில் யோசிக்கமாட்டான்.

பேச்சிக்கு அரண்மனையிலிருந்து புதுப் பானையும் எண்ணெயும் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. "தாயே, நான் நியாயம் கேட்டு வந்தேன். நீங்க அவருக்கில்ல பரிசு குடுத்து அனுப்புறீங்க?"

"பொறு பேச்சி" என்றாள் அரசி. "தாம் கேட்டது என்னவென்று அவருக்கே இன்னும் தெரியவில்லை."

முதல் சில நாட்கள் கடம்பராயர் மிதந்தார் என்றே சொல்ல வேண்டும். நாவிதரிடம் முதல், கோயிலில் முதல், ஓடத்தில் முதல். இப்போது அவர் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டியதில்லை. "முதலில் கடம்பராயர்" என்று வெள்ளையன் ஈட்டியைத் தரையில் தட்டுவான், கூட்டம் தானாக விலகும்.

மார்கழி பிறந்தது. பனியோடு காய்ச்சலும் வந்தது. மலையிலிருந்து ஒரு வைத்தியர் இறங்கி வந்து, சாவடியில் பெரிய அண்டாவை ஏற்றி, வேப்பம்பட்டையும் நிலவேம்பும் பெயர் தெரியாத பல வேர்களும் போட்டுக் கசாயம் காய்ச்சினார். வாசனை பட்டதுமே இரண்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஊரே குடிக்க வேண்டும் என்றார் வைத்தியர்.

"முதலில் கடம்பராயர்" என்றான் வெள்ளையன்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையே!"

"வராம இருக்கவும் குடிக்கலாம்" என்று வைத்தியர் குவளையை நீட்டினார். "புது ஊரு, புதுத் தண்ணி. முதல் ஆளுக்குக் குடுத்துப் பார்த்தாத்தான் எனக்கும் அளவு புரியும்."

கடம்பராயர் குடித்தார். அன்றைக்குப் பகல் முழுவதும் அவர் கொல்லைப்புறத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நடப்பதையும் விட்டுவிட்டுக் கொல்லையிலேயே இருந்துகொண்டார். வைத்தியர் வந்து விசாரித்துவிட்டு, "அளவு கூடிப்போச்சு. மத்தவங்களுக்குப் பாதி போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனியில் ஊர்க்குளம் வற்றியது. தூர் வார ஊரே திரண்டது. மண்வெட்டியும் கூடையுமாக எல்லோரும் கரையில் வந்து நின்றார்கள், ஆனால் யாரும் இறங்கவில்லை. எல்லோரும் கடம்பராயரைப் பார்த்தார்கள்.

"நான் எதுக்கு? நான் கரையில நின்னு பார்த்துக்கிறேன்."

"முதலில் கடம்பராயர்" என்றான் வெள்ளையன். "அவருக்கு முன்னால் யாரும் கால் வைக்கக்கூடாது."

"நீங்க இறங்கினாத்தான் நாங்க இறங்க முடியும் ஐயா" என்றான் சாத்தையன், மிகுந்த மரியாதையோடு.

கடம்பராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சேறு எங்கே எவ்வளவு ஆழம் என்று அவர் முழங்காலையும் இடுப்பையும் பார்த்துத்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். நெஞ்சுவரை போன இடத்தில் யாரும் இறங்கவில்லை. வேலை முடிகிறவரை ஒவ்வொரு விடியலிலும் முதல் மண்வெட்டு அவருடையது, முதல் கூடை அவர் தலையில்.

ஆடியில் அரண்மனைக்குப் புது யானை வந்தது. அதைப் பட்டுத்துணி போர்த்து, அம்பாரி கட்டி, நெடுந்துறைக்கு அழைத்து வந்தார்கள். கடம்பராயர் முகம் மலர்ந்தது. இதுதான் நம் தகுதிக்கு ஏற்ற முதல் இடம் என்று எண்ணி ஏறி உட்கார்ந்தார். காட்டு யானைக்கு அன்றுதான் முதன்முதலாக ஆள் ஏற்றிப் பழக்குகிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. யானை நாலு தெரு சுற்றியது, இரண்டு பந்தலைச் சாய்த்தது, நேராக ஆற்றுக்குப் போய் நடுத் தண்ணீரில் படுத்துக்கொண்டது. பாகன் வந்து இழுத்துக் கரை சேர்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது, கடம்பராயருக்கு நீச்சல் வராது.

வீட்டில் அவர் மனைவி தையல்நாயகி தலைப்பாகையைப் பிழிந்து கொடியில் போட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"கேட்டது கிடைச்சிருக்கு. அனுபவிக்க வேண்டியதுதானே?" என்றாள்.

கசாயம்கூடப் போகட்டும், சேறுகூடப் போகட்டும். அவருக்கு மனத்தில் உறுத்தியது வேறொன்று. ஓடத்துறையில் அவர் தனியாக முன்னால் நிற்பார். பின்னால் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். யாருடைய மகளுக்கோ பெண்குழந்தை பிறந்திருக்கும், அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். யாரோ வெற்றிலையைக் கிழித்துப் பாதி கொடுப்பார்கள். யாரோ மாமியாரைப் போல நடித்துக் காட்டுவார்கள். கடம்பராயர் திரும்பிப் பார்த்தால் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். எல்லோரும் கைகட்டி நிற்பார்கள். அவருக்கு முன்னாலும் ஆள் இல்லை, பக்கத்திலும் ஆள் இல்லை.

அவர் அரண்மனைக்குப் போனார். இந்தத் தடவை ஊரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

"தாயே, கட்டளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்."

"முரசறைந்த கட்டளையை என் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கடம்பராயரே. அது ஊருக்குச் சொன்ன சொல். ஊர் வந்து கேட்டால் மாற்றுகிறேன்."

ஊரைக் கேட்க வைப்பது எப்படி? அவர் ஓடத்துறைக்குப் போனார். சாத்தையனும் பேச்சியும் இருந்தார்கள்.

"சாத்தையா, ஊர் சார்பா அரசிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். இந்த முதல் இடம் எனக்கு வேணாம்."

"ஐயா, உங்களுக்கு முன்னால நாங்களா? எங்களுக்கு அந்த யோக்கியதை உண்டா?"

"எங்களுக்கும் இப்ப சௌகரியமாத்தான் இருக்கு" என்றாள் பேச்சி. "கசாயத்துக்கு அளவு தெரியுது. சேத்துக்கு ஆழம் தெரியுது. யானையோட குணமும் தெரிஞ்சுபோச்சு."

'என்னை மன்னித்துவிடு' என்ற சொல் கடம்பராயருக்குத் தொண்டைவரை வந்தது. ஆனால் அது பெருமை பேசியே பழகிய தொண்டை. வெளியே விடவில்லை. அவர் திரும்பி நடந்தார்.

மீண்டும் ஐப்பசி வந்தது. மேற்கே மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது நெடுந்துறைக்குத் தெரியாது. இங்கே நல்ல வெயில். அக்கரைச் சந்தைக்கு எல்லோரும் போயிருந்தார்கள். கடம்பராயரும் போயிருந்தார், வெள்ளையனும் உடன் இருந்தான்.

உச்சிப்பொழுதில் ஆறு நிறம் மாறியது. பழுப்பாக வந்தது, பிறகு சிவப்பாக வந்தது, பிறகு மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. சந்தைத் திடலுக்குப் பின்பக்கம் பழைய வாய்க்கால் ஒன்று உண்டு. வெள்ளம் அதிலும் புகுந்து சுற்றி வந்துவிட்டது. திடல் தீவாகிப் போயிற்று. தென்னங்கீற்றுக் கடைகள் படகு போல மிதந்தன. சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மேட்டில் இருந்த கல்மண்டபத்துக்கு ஓடினார்கள். தண்ணீர் அங்கேயும் படி படியாக ஏறி வந்தது.

சாத்தையன் ஊர்க்கரையிலிருந்து வெள்ளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடத்தைக் கொண்டுவந்து மண்டபத்தோடு சேர்த்தான். இருப்பது ஒரே ஓடம். அதில் பத்துப் பேருக்கு மேல் ஏற முடியாது. மண்டபத்தில் நின்றவர்கள் அதைப்போல் பல மடங்கு.

கூட்டம் ஓடத்தை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது. வெள்ளையன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"முதலில் கடம்பராயர்."

எடுத்து வைத்த அடியைக் கூட்டம் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. ஒரு பச்சைக் குழந்தை அழுதது.

கடம்பராயர் ஓடத்தில் ஏறினார். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அவர் ஏறியது தப்பித்துப் போகத்தான். யானை ஆற்றில் படுத்த நாளில் மூக்கில் ஏறிய தண்ணீர் இன்னும் உள்ளே இருப்பது போலத் தோன்றியது. ஒரு வருடத்தில் முதன்முறையாக இந்த முதல் இடம் பயன்பட்டது என்று நினைத்துக்கொண்டு, ஓடத்தின் முன்பலகையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் எதிரே பார்த்தார். வாழ்நாள் முழுவதும் வரிசைக்கு முதுகைக் காட்டியே நின்ற மனிதர் அவர். இப்போதுதான் வரிசையின் முகத்தைப் பார்க்கிறார். நாவிதர் நின்றார், தோளில் வயதான தாய். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சி யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்திருந்தாள். ஒருவர் கண்ணிலும் கோபம் இல்லை. இந்த ஆள் இப்படித்தான் செய்வான் என்று முன்பே தெரிந்தவர்கள் பார்க்கிற பார்வை. திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டியிருப்பார். பார்வையைத் திருப்பித் திட்ட முடியுமா?

கடம்பராயர் எழுந்தார். ஓடத்தின் மறுபக்கம் காலைத் தூக்கிப் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்.

"ஐயா, என்ன செய்றீங்க?" என்றான் சாத்தையன்.

கடம்பராயர் காவலன் பக்கம் திரும்பினார். "வெள்ளையா, முதல்ல ஏறினது யாரு?"

"நீங்கதான்."

"பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"முதல்ல ஏறின ஆள் இறங்கக்கூடாதுன்னு கட்டளையில இருக்கா?"

வெள்ளையன் வாழ்க்கையில் முதன்முறையாக யோசித்தான். முரசறைந்த வார்த்தைகளை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். "இறங்குறதப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றான்.

"அப்ப ஈட்டியை எடு. பிள்ளைத்தாய்ச்சி முதல்ல வரட்டும். அப்புறம் கிழவிகள். குழந்தைகளைக் கையில குடுங்க."

அவர் கால் நழுவாமல் மண்டபப் படியில் ஊன்றிக்கொண்டு, ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஓடம் போயிற்று, திரும்பி வந்தது. வந்ததும் கடம்பராயர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினார், வெள்ளையன் "சரி" என்றான், சனங்கள் ஏறினார்கள். மறுபடியும் போயிற்று, மறுபடியும் வந்தது. மறுபடியும் ஏறினார், மறுபடியும் இறங்கினார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் உயர்ந்திருந்தது, ஏறுவது கொஞ்சம் கடினமாக இருந்தது. பேச்சி ஏறும்போது, "நீங்களும் வந்துடுங்க ஐயா" என்றாள். "பின்னால ஆள் நிக்கிறாங்க, நகரு" என்றார் அவர்.

கடைசி நடைக்கு ஓடம் வந்தபோது சாத்தையன் துடுப்பை இழுக்கவே திணறினான். எஞ்சியவர்கள் ஏறிய பிறகு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வெளியே நின்றவர்கள் கடம்பராயரும் வெள்ளையனும்.

"நீங்க ஏறுங்க" என்றான் வெள்ளையன்.

"ஏறி இறங்கியாச்சே. இப்ப உன் முறை. உனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு."

வெள்ளையன் யோசிக்கத் தொடங்கினால் நேரமாகிவிடும் என்று தெரிந்து, கடம்பராயரே அவனைத் தூக்கித் தள்ளிவிட்டார். ஓடம் விலகிப் போயிற்று.

மண்டபத்தில் இப்போது அவர் ஒருவர்தான். தூணில் செதுக்கிய யாளியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். தண்ணீர் மார்புக்கு வந்தது. நான் யார் தெரியுமா என்று வெள்ளத்திடம் கேட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பயமாக இருந்தது, குளிராக இருந்தது, தையல்நாயகியை நினைத்தால் அழுகை வந்தது. ஆனால் நெஞ்சில் வெகுகாலமாக இருந்த ஏதோ ஓர் அரிப்பு இல்லை. யாராவது தம்மை முந்திவிடுவார்களோ என்ற அரிப்பு அது.

ஊர்க்கரையில் சாத்தையன் இறங்கி, துடுப்பைக் கீழே போட்டான். "இன்னொரு தடவை போயிடலாம். ஆனா திரும்பி வரத் தெம்பு இல்ல. சுழி இழுக்குது."

"தேர் வடத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள் பேச்சி.

கோயில் தேரின் இரண்டு வடங்களையும் தூக்கி வந்தார்கள். ஒன்றோடு ஒன்றை முடிந்து, ஒரு முனையை ஓடத்தில் கட்டினார்கள். சாத்தையன் மேற்கே கொஞ்ச தூரம் ஏறிப் போய் வெள்ளத்தோடு ஓடத்தை விட்டான். ஊரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டது. யார் முன்னால், யார் பின்னால் என்று யாரும் பார்க்கவில்லை. ஓடம் மண்டபத்தை உரசிக்கொண்டு போகும்போது, சாத்தையன் தாடைவரை மூழ்கியிருந்த மனிதரைக் குடுமியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். கரையில் தேர் இழுப்பது போலவே குரல் கொடுத்துக்கொண்டு இழுத்தார்கள்.

கடம்பராயர் கரையில் உட்கார்ந்து தண்ணீரைத் துப்பினார். மூச்சு வந்ததும் முதலில் பேச்சியைத் தேடினார்.

"பேச்சி, அன்னைக்கு உன் பானை உடைஞ்சது என்னாலதான். நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சுடு."

"உங்களாலதான்னு ஊருக்கே தெரியும் ஐயா" என்றாள் பேச்சி. "மன்னிச்சாச்சு. குளிருது பாருங்க, இந்தத் துணியைப் போர்த்திக்கங்க."

வெள்ளம் வடிந்த பிறகு ஊர் அரண்மனைக்குப் போயிற்று. கட்டளையை மாற்ற வேண்டும் என்று பேச்சிதான் கேட்டாள். அரசி வெள்ளையனை அழைத்து விசாரித்தாள்.

"வெள்ளத்தில் கடம்பராயருக்கு முன்னால் யாராவது ஓடத்தில் ஏறினார்களா?"

"இல்லை தாயே. ஒவ்வொரு தடவையும் முதலில் ஏறியவர் அவர்தான். கடைசியாகக் கரை சேர்ந்தவரும் அவர்தான். இது இரண்டும் எப்படி நடந்தது என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை."

அரசி வாய்விட்டுச் சிரித்தாள். முரசறைபவனை அழைத்து, பழைய கட்டளையை அன்றே நீக்கினாள். வெகுமதியாக என்ன வேண்டும் என்று கடம்பராயரைக் கேட்டாள். அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். சந்தைக்கு நேரமாகிறது, முன்னதாகப் போனால்தான் வரிசையில் இடம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஓடத்துறைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வரிசை நீண்டிருந்தது. கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற கூடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சற்றே தயங்கினார். பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, பாதி கிழித்து நீட்டினார்.

"எம் மகளுக்கு ஆம்பளப்புள்ள பொறந்திருக்கு. பேரு ஒண்ணும் அமையல. உங்களுக்கு ஏதாவது தோணுதா ஐயா?"

கடம்பராயர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். ஒரு பெயர் சொன்னார். அது நன்றாக இல்லை என்று பின்னால் வந்து நின்றவர் சொன்னார். கடம்பராயர் வேறொரு பெயர் சொன்னார். அதற்கு நாவிதர் முன்னாலிருந்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஓடம் வந்ததும் தெரியவில்லை, வரிசை நகர்ந்ததும் தெரியவில்லை.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, இதை மனத்தில் வையுங்கள்: பிறருக்கு வழிவிடத் தெரிந்தவரையே ஊர் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.